மலை ஏறும் பஸ்ஸில் ஒரு சரித்திரப் பாடம்

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்று ஒன்று வந்துவிட்டால் பேசப் போகும் பெண்ணைவிட வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். விடுமுறை முடிந்ததும் போட்டி. 'அடிமை விலங்கை உடைத்த ஆபிரகாம் லிங்கன்' என்பது அவளுக்குக் கிடைத்த தலைப்பு. பத்து நாளாக எங்கள் வீட்டில் காப்பி கொதிக்கும்போது லிங்கன். தோசை வேகும்போது லிங்கன். "கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால்கூட லிங்கன் தாடி தெரிகிறது" என்று அவள் அப்பா அலுத்துக்கொண்டார்.

அந்த லிங்கன் ஜவ்வாது மலைக்கும் எங்களோடு பஸ் ஏறி வந்துவிட்டார்!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் பஸ். கீழே வெயில் கொளுத்துகிறது. மலைப் பாதை வளைந்து வளைந்து ஏற ஏற, ஜன்னல் வழியே வரும் காற்றில் ஒரு குளுமை கலக்கிறது. அதுவரை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் அதையே தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். என் மகள் மட்டும் காட்டையும் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. கையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைசி வரியைச் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"லிங்கனின் பேனா காகிதத்தில் ஓடியது, அடிமைத்தனம் உலகத்தை விட்டே ஓடியது!"

பக்கத்து ஸீட்டில் ஒரு மலைக்கார அம்மாள். நாற்பது வயதிருக்கலாம். மடியில் ஒரு துணி மூட்டை, காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பாத்திரங்கள். வெகு நேரம் கேட்டுக்கொண்டே வந்தவள், மெல்லக் கேட்டாள்:

"அடிமைன்னா யாரு கண்ணு?"

என் மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காசு கொடுத்து வாங்கின ஜனங்க அக்கா. எஜமான் சொன்ன வேலையைத்தான் செய்யணும். பிடிக்கலேன்னு விட்டுட்டுப் போக முடியாது. போனா, ஆள் அனுப்பிப் பிடிச்சுட்டு வந்துடுவாங்க."

"அட, அட்வான்ஸ் வாங்கின ஆளுங்களா!" என்றாள் அந்த அம்மாள், வெகு சாதாரணமாக.

என் மகள் நோட்டை மூடினாள்.

இருபதாயிரமும் ஒரு சாவுச் செய்தியும்

அந்த அம்மாளும் அவள் புருஷனும் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்களாம். பெரிய பெண்ணின் கல்யாணத்துக்காக மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் இருபதாயிரம் ரூபாய். காப்பிப் பழம் பறித்து, பிறகு மிளகு பறித்து, அதைக் கழிக்க வேண்டும். போக வரச் செலவு, அரிசி, மருந்து எல்லாம் அதே கணக்கில் ஏறும்.

"நடுவுல எங்க மாமியா செத்துட்டாங்க. மேஸ்திரி போனுக்குத்தான் சேதி வந்துச்சு. கணக்கு இன்னும் நிக்குது, ரெண்டு பேருல ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்கன்னாரு. அவரு மட்டும் வந்து மண்ணு போட்டுட்டுத் திரும்பினாரு. என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டியாந்ததுலேருந்து என்னைத் தன் மவ மாதிரி வெச்சிருந்த மனுஷி. நான் மூஞ்சியக்கூடப் பாக்கல."

அழவில்லை. அழுது முடித்து எத்தனையோ நாளாகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பலா மரத்தைக் காட்டி, "இந்த வருசம் காய்ப்பு நல்லா இருக்குது" என்றாள். அடுத்த ஊரில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம், தங்கிய இடத்தின் திண்ணையில் உட்கார்ந்து என் மகள் கேட்டாள்: "அம்மா, நான் எழுதின கடைசி வரி தப்பா?"

எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. பள்ளியில் படித்ததையும், பிறகு புத்தகங்களில் படித்ததையும் ஒன்று சேர்த்து அவளுக்குச் சொன்னேன். வாசகிகளுக்கும் அதையே சொல்கிறேன்.

ஒரு தேசம், இரண்டு பாதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1860-ம் வருஷம் மூன்று கோடிக்குச் சற்று அதிகமான ஜனங்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்து வரப்பட்டவர்களின் மக்களும் பேரர்களும் அவர்கள். வட மாநிலங்களில் தொழிற்சாலைகள், சிறு பண்ணைகள். அங்கே அடிமை முறை ஒழிந்துபோயிருந்தது. தென் மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக் காடு. 1793-ல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் யந்திரம் வந்த பிறகு பருத்தியில் கொள்ளை லாபம். லாபம் பெருகப் பெருக, பறிக்கும் கைகளும் அதிகமாக வேண்டியிருந்தன. தாயை ஓர் ஊரிலும் குழந்தையை இன்னோர் ஊரிலும் ஏலத்தில் விற்றார்கள்.

அந்த ஏலத்தை நினைத்து ஒரு தாய் எழுதினாள். அவள் பெயர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ. 1849-ல் காலராவில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். பிள்ளையைப் பிரியும் வலி என்னவென்று அறிந்தவள். 1852-ல் புத்தகமாக வந்த அவளுடைய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல், அமெரிக்காவில் முதல் வருஷத்திலேயே மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. அடுப்பங்கரையில் வேலைக்கு நடுவே எழுதிய ஒரு பெண்ணின் கதை, தேசத்தையே தூங்கவிடாமல் செய்தது.

இன்னொரு ஹாரியட்டும் உண்டு: ஹாரியட் டப்மன். அடிமையாகப் பிறந்தவள். 1849-ல் தப்பி ஓடி வடக்கே போய்ச் சேர்ந்தாள். சுதந்திரம் கிடைத்ததே என்று சும்மா இருந்தாளா? ஏறக்குறைய பதின்மூன்று தடவை மறுபடி தெற்கே போய், இரவோடிரவாகக் காட்டு வழியில் சுமார் எழுபது பேரை அழைத்து வந்துவிட்டாள்!

1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக் கூடாது என்பது அவருடைய கட்சி. தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. பதினொரு மாநிலங்கள் சேர்ந்து தனி நாடு என்று கொடி ஏற்றின. 1861 ஏப்ரல் 12-ந் தேதி சம்டர் கோட்டையின் மீது பீரங்கி வெடித்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிளந்தன. நான்கு வருஷ யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் மாண்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது குண்டு அல்ல, நோய்.

என் மகள் எழுதியிருந்த அந்தப் பேனா ஓடியது 1863 ஜனவரி 1-ந் தேதி. ஆனால் அந்தப் பிரகடனம் விடுதலை செய்தது, கலகம் செய்த மாநிலங்களில் இருந்த அடிமைகளை மட்டும்தான். லிங்கன் பக்கம் நின்ற எல்லை மாநிலங்களில் அடிமை முறை அப்படியே இருந்தது. காகிதத்தில் எழுதியதை நிலத்தில் நடத்திக் காட்ட யுத்தம் வேண்டியிருந்தது. விடுதலையான கறுப்பர்களே ஏறக்குறைய 1,80,000 பேர் வடக்கத்திப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1865 ஏப்ரல் 9-ந் தேதி தெற்கத்தித் தளபதி லீ சரணடைந்தார். ஐந்தே நாளில், நாடகம் பார்க்கப் போன இடத்தில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அடிமை முறையைத் தேசம் முழுவதும் ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அதே மாதம், சென்னைத் துறைமுகத்துக் கப்பல்

"நம்ம ஊரில் அந்தச் சமயம் என்ன நடந்தது?" என்றாள் மகள். இந்தக் கேள்வியை நான் படித்த காலத்தில் எந்த வாத்தியாரிடமும் கேட்டதில்லை.

லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 1860 நவம்பரில், 16-ந் தேதி, 'ட்ரூரோ' என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. அதில் வந்தவர்கள் நம் பக்கத்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 342 பேர். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை 1834-ல் ஒழிந்துவிட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தவர்களைக் கப்பலேற்றினார்கள். நடுவில் வேலையை விட்டுப் போனால் சிறை. 1917-ல்தான் இந்தியாவிலிருந்து அப்படி ஆள் ஏற்றுவது நின்றது.

அமெரிக்க யுத்தமும் நம் வாசலுக்கு வராமல் இல்லை. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் தென்பகுதி. வடக்கத்திக் கப்பல்கள் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் பஞ்சு வருவது நின்றது. வெள்ளைக்கார வியாபாரிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. நமது திருநெல்வேலிக் கரிசலிலும் கோயம்புத்தூர்ச் சீமையிலும் பருத்தி விலை ஏறியது. 1865-ல் யுத்தம் முடிந்ததும் விலை தடாலென்று விழுந்தது. பம்பாயில் பெரிய பெரிய கம்பெனிகள் திவாலாயின.

இந்த மலைக்குக் கிழக்கே ஆற்காட்டுச் சமவெளியில் 1853 முதலே ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க மிஷன் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

யுத்தமில்லாமல் வந்த விடுதலை

"அப்போ நம்ம நாட்டில் அடிமைகளே இல்லையா?"

இல்லாமல் என்ன? சுந்தரமூர்த்தி நாயனார் கதை தெரியாத வீடு உண்டா? மணமேடையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையிடம் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, இதோ உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை" என்று வழக்காடுகிறார். வந்தவர் சிவபெருமான் என்பதால் நமக்குப் புளகாங்கிதம் உண்டாகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த ஓலையைச் செல்லாது என்று தள்ளவில்லை, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்! பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பது சேக்கிழார் பெரிய புராணம் பாடிய காலத்தவருக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில், நிலத்தோடு சேர்த்தே ஆளையும் எண்ணும் வழக்கம் பிறகும் நெடுங்காலம் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கம்பெனி சர்க்கார் 1843-ல் ஐந்தாவது சட்டத்தைப் போட்டது. 'ஒருவன் எனக்கு அடிமை' என்று யாராவது வழக்குப் போட்டால் கோர்ட்டார் அதை ஏற்கக் கூடாது என்றது அது. அடிமையாக ஒருவரை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆனது, 1862-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு. அமெரிக்காவில் ஆறு லட்சம் பேர் செத்துக் கிடைத்த விடுதலை, இங்கே ஒரு துளி ரத்தமில்லாமல் காகிதத்தில் வந்துவிட்டது.

ஆனால் இரண்டு தேசத்திலும் ஒரே விஷயத்தை மறந்துவிட்டார்கள். விடுதலையானவன் மறுநாள் காலையில் எதைச் சாப்பிடுவான்?

அமெரிக்காவில் விடுதலையானவர்களுக்கு நாற்பது ஏக்கர் நிலம் தருவதாக ஒரு தளபதி 1865 ஜனவரியில் உத்தரவு போட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் அதே பண்ணைக்கு வாரத்துக்கு உழப் போனார்கள். விதை கடன், கோவேறு கழுதை கடன், மாவும் உப்பும் முதலாளி கடையில் கடன். வருஷக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்தால் பாக்கி! 'கடனுக்காக ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது' என்று 1867-ல் அங்கே தனியாக இன்னொரு சட்டம் செய்யவேண்டி வந்தது. அதன் பிறகும் அந்தக் கணக்கு நோட்டு பல தலைமுறை ஓடியது.

இங்கும் அதே கதை. ஓலை போயிற்று, கடன் சீட்டு வந்தது. பிறகு சீட்டும் போய், 'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. அரசியல் சட்டத்தின் 23-வது விதி கட்டாய வேலையைத் தடை செய்தது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும், 1976-ல் முழுச் சட்டமாகவும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கடனைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகாமல் தடுத்தால் அது கொத்தடிமை. அந்தக் கடன் அந்தக் கணமே ரத்து. தகப்பனோ பாட்டனோ வாங்கிய கடனானாலும் சரிதான். பிடித்து வைத்தவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

பஸ்ஸில் வந்த அம்மாளிடம், "ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க" என்றாரே ஒரு மேஸ்திரி, அவர் சொன்னது இந்தச் சட்டத்தின் கண்ணில் வெறும் கண்டிப்பு அல்ல, குற்றம்.

வாசனை போன மலை

ஜவ்வாது என்றாலே நமக்கு வாசனைப் பொருள் ஞாபகம் வரும். இந்த மலைக்கும் வாசனைக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. சந்தன மரங்களுக்குப் பேர் போன காடு இது. திருப்பத்தூரில் சர்க்கார் சந்தனக் கிடங்கே உண்டு. திருட்டு வெட்டில் பெரிய மரங்களெல்லாம் போய்விட்டன. லாபம் போன இடம் வேறு. வெட்டக் கூலி வாங்கியவன் வீட்டுக் கூரை அப்படியே இருக்கிறது.

இங்கே வசிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்ற பழங்குடியினர். மலையை ஆள்பவர்கள் என்று பொருள். கேரளத்து மலையாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய், தேன், பலா - இவைதான் மலையின் செல்வம். மானாவாரிப் பயிர், மழை பொய்த்தால் வயிறும் பொய்க்கும். அப்போதுதான் மேஸ்திரி மலை ஏறி வருகிறார், கையில் நோட்டுக் கட்டோடு.

அட்வான்ஸுக்குப் போகும் வழிகளில் சில திரும்பி வராத வழிகள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திரத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்றார்கள் போலீசார். மனித உரிமைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. இறந்தவர்கள் தமிழ்நாட்டவர், இந்த மலைப் பக்கத்தவரும் அவர்களில் உண்டு. செம்மரத்தை விற்றுப் பணக்காரராகிறவர்கள் அந்தக் காட்டுக்குள் போவதில்லை.

சமவெளியில் மட்டும் என்ன வாழ்கிறது? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகளோடு சேர்த்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு கிழவர் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் வீட்டுக் 'குட்டி'

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பட்டணத்தில் பார்க்க முடியாத அளவு நட்சத்திரங்கள். இந்த மலையில் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது, 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி, 1986-ல் திறக்கப்பட்டது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க இங்கே வருகிறார்கள். எனக்கோ, என் பிறந்த வீட்டுச் சமையலறை மூலையில் இருந்த ஒன்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பத்து வயது. என்னைவிட ஒரு வயது சின்னவள். 'குட்டி' என்று கூப்பிடுவோம். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வது, பாத்திரம் தேய்ப்பது, அம்மிக்கு மசாலா எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அவள் அப்பா முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டுப் போயிருந்தார். அடித்தது கிடையாது, திட்டியதும் அபூர்வம். என் பழைய பாவாடை சட்டை அவளுக்கு. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

ஒரு பொங்கலுக்கு அவள் அப்பா அழைத்துப் போக வந்தார். என் அம்மா, ரொம்ப நல்லவள், சொன்னாள்: "வாங்கின பணம் கழியட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போ." அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். குட்டி கொல்லைப்புறம் போய் வெகு நேரம் வரவில்லை. எங்களுக்கு அன்று கரும்பு.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து மகள், "என்னம்மா?" என்றாள். சொன்னேன்.

"அவங்க நிஜப் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். தெரியவில்லை.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கக் கூடாதென்று 1933-லேயே நம் நாட்டில் சட்டம் இருந்தது. வீட்டு வேலைக்குப் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைக்கக் கூடாதென்று 2006 அக்டோபர் முதல் தனியாகத் தடை வந்தது. என் அம்மாவுக்கு இந்தச் சட்டங்கள் தெரியாது. ஆனால், இதைப் படிக்கும் நமக்குத் தெரியும்.

பெரியவர்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. வீட்டில் வேலை செய்கிற அம்மாள் மகன் படிப்புக்கோ மருந்துக்கோ பணம் கேட்டால் கொடுப்பது நல்ல காரியம்தான். "பணம் கழியும்வரை வேறு வீட்டுக்குப் போகக் கூடாது" என்று சொல்லும் அந்த நிமிஷத்தில், நமது சமையலறையிலும் அந்தக் கணக்கு நோட்டு திறந்துவிடுகிறது. கடன் கடனாக இருக்கட்டும். ஆள் ஆளாக இருக்கட்டும். எங்கேயாவது குழந்தையை வேலைக்குப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். பெரியவர்களைப் பிடித்து வைத்திருந்தால் கலெக்டர் ஆபீஸுக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ தெரிவிக்கலாம். விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

பெயர் என்ன?

மறுநாள் ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் அந்த அம்மாளை மறுபடி பார்த்தோம். பலாப் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். 1976-ம் வருஷச் சட்டத்தை என் மகள் ஆவலோடு விளக்கிச் சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சட்டம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. மழை இல்லேன்னா சட்டம் அரிசி போடுமா?"

லிங்கனிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது. மீட்டால் மட்டும் போதாது, பிழைக்க வழி செய்ய வேண்டும் என்று 1984-ல் நமது சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2016-ம் வருஷத் திட்டப்படி, மீட்கப்பட்டவர்களுக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வு உதவி உண்டு. 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம், காட்டில் உழுது பிழைத்த நிலத்துக்குப் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. காகிதத்தில் இருப்பது நிலத்துக்கு வந்து சேர்வதுதான் பாக்கி. மலைச் சாமைக்கும் புளிக்கும் நியாய விலை கிடைத்தால், மேஸ்திரியின் நோட்டுக் கட்டுக்கு வேலை குறையும்.

வழி இல்லாமலும் இல்லை. இதே ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பெண், பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் பிரயாணம் செய்து பரீட்சை எழுதி, சிவில் நீதிபதி பதவிக்குத் தேர்ச்சி பெற்றார். 2024 பிப்ரவரியில் நாடே அதைக் கொண்டாடியது. அப்போது அவருக்கு வயது 23. ஓலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இனி மலைப் பெண்ணும் உட்காருவாள் அல்லவா?

பழம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மாளின் பெயரைக் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அடுத்த வருஷம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடலாம்.

பேச்சுப் போட்டியில் என் மகள் கடைசி வரியை மாற்றிப் பேசினாள். "லிங்கன் சங்கிலியைப் பாதி அறுத்தார். மீதிப் பாதி இன்னும் கணக்கு நோட்டில் இருக்கிறது. அதை அறுக்க வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினாளாம்.

மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. பரவாயில்லை.